கொட்வின் அண்ணையின் இரண்டாவது றொனி

வலது காதில் ரெலிபோன் ரிசீவர், இடது காதுக்குள் பஞ்சு, காலில் ஆணி வைத்த உதைபந்தாட்டச் சப்பாத்து. பங்குக் கோயில் அலுவலகத்தின் வழுவழுத்த தரையில் இரண்டு தரம் டக் டக்கென்று மிதித்துப் பார்த்த பிறகுதான் கொட்வின் அண்ணை வாயைத் திறப்பார். செருப்போடு நின்றால் ஆட்டம் கண்ணில் பிடிபடாதாம். "சப்பாத்துப் போடாட்டி எனக்கு ஆர் எங்கை நிக்கினம் எண்டு விளங்காது" என்பார். தரையில் விழும் கீறல்களைப் பார்த்து, அங்கே கணக்கு வழக்குப் பார்க்கும் கன்னியாஸ்திரி ஒவ்வொரு வியாழனும் சிலுவை போட்டுக்கொள்வார். மனிதர் அதைத் தன் வர்ணனைக்கான ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்வார்.

உதைபந்தாட்ட வர்ணனை சரியாக நான்கு மணிக்குத் தொடங்கும். பலெர்மோ நகரத்துப் பொலிதேயாமாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டு அறைக்குள் அடங்கிய குட்டி வானொலி நிலையம் ஒன்று இருக்கிறது. பங்குச் சுவாமியார் போய்க் கதைத்து, வியாழக்கிழமைகளில் எங்களுக்கென்று ஒரு மணித்தியாலம் வாங்கித் தந்திருக்கிறார். ஏன் வியாழன் என்று வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்கள் கேட்கக்கூடும். பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. எங்கள் பெடியள் பந்தடிப்பதும் வியாழன், கலியாணம் பேசுவதும் வியாழன், வாடகைக்கு அறை தேடுவதும் வியாழன். ஆனால் வீட்டு எசமானிகளான சின்யோராக்கள் எல்லோரும் அப்படி விட்டுவிட மாட்டார்கள். பாதிப்பேர் குசினியில்தான் நிற்போம். அயர்ன் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன றேடியோவை வைத்துக்கொண்டு ஆட்டத்தைக் காதால் பார்ப்போம். வானொலி நேரத்துக்குள் முடியவேண்டும் என்பதற்காக, பாதிக்கு இருபத்தைந்து நிமிடம் என்று ஆட்டத்தையே வெட்டிக் குறுக்கி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உதைபந்தாட்டம் விளங்காது. அன்றைக்கும் விளங்காது, இன்றைக்கும் விளங்காது. அதிலும் கொட்வின் அண்ணையின் வர்ணனையைக் கேட்டு விளங்கிக்கொள்ள நினைத்தால் இருக்கிற மூளையும் கலங்கிவிடும். மற்ற வர்ணனையாளர்கள் பந்து எங்கே போகிறது என்று சொல்வார்கள். இவர் ஆட்களின் பெயரைச் சொல்வார். "றொனி. றொனி. இந்தா, றொனி" என்பார், பந்து அதற்குப் பிறகுதான் வந்து சேரும். இது வர்ணனையா, வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற சங்கதியா என்று நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. அவருக்குக் கோபம் வராது, விளக்கம்தான் வரும். எண்பத்திரண்டாம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அணிக்கு நடுவில் நின்று ஆடியவர் கொட்வின் அண்ணை. கரம்பன் ஆள். அந்த அணியில் பந்து யாரிடம் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். அதற்கு அவரிடம் ஒரே ஒரு முறை இருந்தது. முதலில் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் கண்ணை மூடிக்கொண்டு ஓடவேண்டும். ஓடிப் போய்ச் சேருகிற இடத்துக்குப் பந்து வரும்.

"பேரைச் சொல்லிப்போட்டுப் பந்தைக் குடுக்காதவன் மனிசனே, தங்கச்சி?"

ஒருமுறை இறுதியாட்டத்தில் ஒருவனுடைய பெயரைக் கூப்பிட்டபிறகு, இன்னொருவன் கோலுக்கு நேரே தனியாக நிற்பதைக் கண்டிருக்கிறார். கண்டும், கூப்பிட்டவனுக்கே பந்தைக் கொடுத்தார். அணி தோற்றது. அதற்காக அவர் இன்றுவரை ஒரு பொட்டும் கவலைப்பட்டதில்லை. பெயர் சொல்லியாயிற்று, பிறகென்ன என்கிறார். முழங்கால் போனதும் படிப்பு நின்றதும் ஒரே வருடத்தில் நடந்தவை. எது முதல் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்வார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

வாரத்தின் மற்ற நாட்களில் லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான அவ்வொகாத்தோவை, அதாவது சட்டத்தரணியை, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிறார். கிழவருக்குக் கண் மங்கல். ஆகவே தெருவையும் இவர் வர்ணித்துக்கொண்டே போவார். இடது பக்கத்தால் மோட்டார் சைக்கிள் வருகிறது, பேக்கரிக்காரி வெளியே வந்துவிட்டாள், நாங்கள் முன்னேறுகிறோம். இத்தாலிய மொழியை அவர் விளையாட்டுப் பத்திரிகையில் படித்துப் பொறுக்கியவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஆட்டத்தின் சொற்களால்தான் சொல்லத் தெரியும். அவ்வொகாத்தோ மருந்து குடிக்க மறுத்தால், மகளுக்கு ரெலிபோன் எடுத்து, அப்பா இன்றைக்குத் தடுப்பாட்டம் ஆடுகிறார் என்பார். ஒருநாள் கிழவர் நன்றாகச் சாப்பிட்டதைச் சொல்ல நினைத்து, அப்பா மேலதிக நேரத்திலும் ஓடுகிறார் என்று சொல்லிவிட்டார். மகள் அழுதுகொண்டு ரக்ஸி பிடித்து வந்து சேர்ந்தாள். வந்து பார்த்தால் கிழவர் பொரித்த கத்தரிக்காய் போட்ட பாஸ்தாவில் இரண்டாவது கோப்பையை முடித்துக்கொண்டிருந்தார்.

வர்ணனை செய்கிற இடத்தையும் சொல்லவேண்டும். மைதானம் பிரான்காச்சோவில், பங்கு மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது. வானொலி நிலையத்துக்குப் போகிற குரல் பங்கு அலுவலகத்து ரெலிபோன் வழியாகப் போகவேண்டும். ரெலிபோன் வயரை எவ்வளவு இழுத்தாலும் ஜன்னல்வரைதான் வரும். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானத்தில் முக்கால்வாசி தெரியும். இடது பக்க மூலையை மண்டபத்துச் சுவர் மறைக்கும். பந்து அங்கே போய்விட்டால் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "பந்து மூலைக்குள்ளை போட்டுது. கொஞ்சம் பொறுங்கோ, வரும்" என்பார். லிபெர்த்தாவில் இருபது குசினிகளில் இருபது பெண்கள் அயர்ன் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொறுத்திருப்போம்.

இப்படிப்பட்டவரால் ஒருவனுடைய வேலையும் கடுதாசியும் போகப் பார்த்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு, வைகாசி மாதம்.

றொனி என் சின்னம்மாவின் மகன். லிபெர்த்தாவில் சின்யோரா எமிலியானா என்ற மூதாட்டியின் வீட்டில் தங்கி வேலை செய்தான். அவர் நாற்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசி. சாப்பாட்டில், சம்பளத்தில், மரியாதையில் குறை வைக்காதவர். பொய் மட்டும் பிடிக்காது. ஓய்வு நாளாக வியாழனுக்குப் பதில் திங்கள் கொடுப்பார். றொனியின் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அந்த மாத முடிவில் காலாவதியாகவிருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால், இவன் என்னிடம் வேலை செய்கிறான் என்று சின்யோரா எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் ஆள் இந்த நாட்டில் இருந்தும் இல்லாதவன்.

அரையிறுதியாட்டமும் வியாழனில்தான் வந்தது. எங்கள் பங்கு அணியில் கோல் போடத் தெரிந்தவன் றொனி ஒருவன்தான். முன்னைய ஆட்டங்களுக்கு வேறு வேறு சாட்டுச் சொல்லித் தப்பியவன், இந்த முறை சின்யோராவிடம், கடுதாசி அலுவல் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்குப் போகவேண்டும் என்றான். இந்த நகரத்தில் பல்லுக்கொதி என்றால் குளிசை தருவார்கள், காய்ச்சல் என்றால் டொக்டரைக் கூப்பிடுவார்கள், குவெஸ்தூரா என்றால் மட்டும் மறுபேச்சில்லாமல் போ என்பார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் பாவிக்கிற சாட்டு அது. அந்தப் பின்னேரம் என் வேலைவீட்டில் லீவு கேட்டு, அவனுக்குப் பதிலாக வேலைக்குப் போனவள் நான். பழக்கதோஷத்தில் குசினி றேடியோவைப் போட்டவளும் நான்தான். இதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் பிறகு நான் கொட்வின் அண்ணையைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

தமிழ் தெரியாத ஒருவருக்கு அந்த வர்ணனை எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. இரைச்சல், இரைச்சல், றொனி. இரைச்சல், றொனி, றொனி. சின்யோரா கோப்பிக் கோப்பையோடு வந்து கதவடியில் நின்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அன்றைய பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலால் கோடு கோடாகப் போடத் தொடங்கினார். றேடியோவை நிறுத்தினால் குற்றம் உறுதியாகிவிடும், நிறுத்தாவிட்டால் கோடு கூடும். ஆட்டம் முடிந்தபோது முப்பத்தொரு கோடு இருந்தது.

"றோசமலர், குவெஸ்தூராவில் அவனை ஏன் இவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டார்.

ஆறு மணிக்கு றொனி தலையை ஈரமாக வாரிக்கொண்டு, முழங்கை தேய்ந்துபோய் வந்து சேர்ந்தான். வரிசை எப்படி என்று சின்யோரா கேட்க, நீளம் என்றான். பாவி. அவர் சத்தம் போடவில்லை. பொய் சொல்கிற ஆளுக்காகத் தான் எந்தக் கடுதாசியிலும் கையெழுத்து வைக்கப் போவதில்லை, மாத முடிவுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னார். மாத முடிவுக்குப் பதினேழு நாள் இருந்தது. பதினேழு நாளில் கடுதாசி எழுதித் தருகிற வீடு கிடைப்பது லேசான காரியமா? மற்றப் பக்கத்தில், சின்யோரா எமிலியானா வீட்டு வேலை காலியாகப் போகிறதாம் என்ற மணம் பிடித்து மூன்று பேர் தங்கள் தங்கள் மைத்துனருக்காக என்னிடமே வந்து விசாரித்தார்கள். றொனி அழவில்லை. ஆனால் சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த நாள் கொட்வின் அண்ணையைத் தெருவில் பிடித்தேன். அவ்வொகாத்தோவின் நாற்காலியைத் தள்ளியபடி நின்றார். வாய்க்கு ஒரு பூட்டுப் போடுங்கோ என்றேன், ஒரு பெடியனின் வாழ்க்கையில் மண் விழுந்துவிட்டது என்றேன், நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தில் இதைத்தான் சொல்லித் தந்தார்களா என்றுகூடக் கேட்டேன். அவர் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அவன்ரை பேரைத்தானே சொன்னனான்" என்றார். சரியான பேர்தானே என்று இன்னொரு தரம் சொன்னார். றேடியோவைப் போட்டது ஆர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை இருவரும் சின்யோராவிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவருக்காக நான் இத்தாலிய மொழியில் இரண்டு வசனம் எழுதிப் பாடமாக்கக் கொடுத்திருந்தேன். தவறு எங்களுடையது. பெடியனை மன்னியுங்கள். படியேறும்போது மூன்று தரம் பிழையில்லாமல் ஒப்புவித்தார். கழுத்துப்பட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். கதவு திறந்தது. சின்யோரா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கொட்வின் அண்ணை வாயைத் திறந்தார்.

"சின்யோரா, றொனி இரண்டு பேர். ஒரு றொனி அணியில். ஒரு றொனி குசினியில்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. ஒரு ஆளை இரண்டு ஆளாக்குவது முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. அதுவும் கணித ரீச்சரின் சோற்றுக்குள். சின்யோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தனக்கு நிரூபணம் வேண்டும் என்றார். வருகிற வியாழன் இறுதியாட்டம் அல்லவா, அன்று தன்னுடைய றொனி தன்னோடு குசினியில் இருந்து ஆர்ட்டிச்சோக் வெட்டுவான், இருவரும் சேர்ந்து றேடியோ கேட்பார்கள். மற்ற றொனி அந்த நேரத்தில் மைதானத்தில் ஓடினால், வெள்ளிக்கிழமை காலை கையெழுத்து. ஓடாவிட்டால் இல்லை.

படியிறங்கும்போது ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். வாய் முந்திவிட்டது என்றார். பிறகு, மன்னிப்புக் கேட்டால் பெடியன் பொய்யன் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். பிறகு, தான் சொன்னது என்ன என்று தனக்கே சரியாக ஞாபகமில்லை என்றார். மூன்றில் எது உண்மை என்று எனக்கு இப்போதும் தெரியாது. "இப்ப நீங்கள் பொய்யன்" என்றேன். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு இறங்கினார்.

றொனி இல்லாத இறுதியாட்டத்தில் அவனுடைய ஒன்பதாம் இலக்கச் சேட்டைப் போட்டுக்கொண்டு இறங்கப் போகிறவன் பிரசாந். பிரான்காச்சோவில் இரும்புக் கதவு செய்கிற பட்டறையில் வேலை. தங்கமான பெடியன், ஆனால் அவன் சொல்வதை அவன் கால் கேட்காது. இரண்டு வருடமாக மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்ததைத் தவிர அணிக்கு அவனால் ஆன உதவி வேறு இல்லை. கொட்வின் அண்ணைக்கு இதில் பெரிய நிம்மதி. பிரசாந்தைக் காணும்போது றொனி என்று சொல்லிவிடுவதுதான் அவருடைய திட்டம். "பிரசாந்தின்ரை காலிலை பந்து படாது, தங்கச்சி. நாலைஞ்சு தரம் றொனி எண்டு சொன்னா அலுவல் முடிஞ்சுது" என்றார். இந்த ஏற்பாட்டை வானொலியில் தமிழில் விளக்கிவிட முடியாது. அந்த வேலைக்குக் கண் வைத்திருந்த மூன்று பேரின் வீட்டிலும் றேடியோ உண்டு. ஒருவர் சின்யோராவிடம் போய் ஊதினால் போதும். ஆகவே அணிக்கும் சொல்லவில்லை, பிரசாந்துக்கும் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் றொனிக்கும் மட்டும் தெரியும்.

ஒரு விஷயம்தான் எனக்கு நெருடியது. பிரசாந்தின் மனைவி கேசிகா, தான் வேலை செய்யும் வீட்டில் இருந்தபடி ஒவ்வொரு ஆட்டத்தையும் கசற்றில் பிடித்து ஊரில், கோண்டாவிலில் இருக்கும் மாமனாருக்கு அனுப்புகிறவள். பிள்ளை விளையாடுகிறானாம் என்று கிழவர் அயலட்டையைக் கூப்பிட்டு இருத்திப் போட்டுக் கேட்பாராம். பிள்ளையின் பெயர் ஒரு கசற்றிலும் வந்ததில்லை. அடுத்ததில் வரும் என்று சொல்லிக்கொள்வாராம். இதைக் கொட்வின் அண்ணையிடம் சொன்னேன். அவர் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். காலில் பந்து படாது என்றார். அதையே திரும்பவும் சொன்னார்.

அந்த வியாழனும் நான் லீவு கேட்டு வாங்கி ஜன்னலடியில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பிழையாகப் பேர் சொல்லப் போனால் சேட்டுக் கையைப் பிடித்து இழுப்பது என் பொறுப்பு.

முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போனது. ஆறாவது நிமிடம் பிரசாந் பந்துக்குப் பக்கத்தில் ஓடினான். "பி" என்று தொடங்கினார். நான் இழுத்தேன். "பி... பிரமாதமாக ஓடுகிறார் றொனி" என்று சமாளித்தார். ஆனால் அத்தோடு மனிதருக்கு உள்ளே ஏதோ கழன்றுவிட்டது. பதினைந்து வருடமாகக் கண் கண்டதை வாய் சொல்லிப் பழகிய ஆள். இப்போது கண்ணுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. பிரசாந்தைக் கண்டால் றொனி என்று சொல்லவேண்டும் என்பது மற்ற எல்லோர்மீதும் தொற்றிக்கொண்டது. பின்னுக்கு நின்றவனையும் றொனி என்றார். பந்து எறிந்தவனும் றொனி, விழுந்து கிடந்தவனும் றொனி. எதிரணியின் கோல் காப்பாளரையும் ஒருமுறை றொனி என்றார். நான் சேட்டுக் கையை இழுத்து இழுத்துத் தையல் விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுவதும் குசினிகளில் இருந்த பெண்கள் என்னைத் தெருவில் மறித்து, றொனி தான் அடித்த பந்தைத் தானே பிடித்தானாமே, அது எப்படி என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல? மூலைக்குள் நடந்தது என்று சொல்லித் தப்பினேன்.

இடைவேளையில் பங்குப் பாட்டுக் கசற்றை நிலையத்தில் போட்டார்கள். கொட்வின் அண்ணை காதுப் பஞ்சை எடுத்துவிட்டு ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்து முடித்தார். வேர்த்து ஊற்றியது. "ஆர் ஆரெண்டு எனக்கே விளங்கேல்லை" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கும் எனக்கும் ஆட்டம் ஒரே அளவில் விளங்காமல் இருந்தது.

இரண்டாம் பாதியில் கொஞ்சம் நிதானம் வந்தது. எதிரே ஆடிய தீவுப்பகுதி ஆட்களின் அணி பலமானது. எங்கள் பெடியள் பின்னுக்கு நின்று தடுத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. றொனியின் பெயர் இருபது தரம் வந்துவிட்டது, நிரூபணத்துக்கு அது போதும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு மூச்சு விட்டேன். மூன்று நிமிடம் இருக்கும்போது பந்து மூலைக்குள் போயிற்று. சுவருக்கு அப்பால் ஒரே கூச்சல். கொஞ்சம் பொறுங்கோ என்று வழக்கம்போலச் சொன்னார்.

இந்த இடத்தில் நிறுத்தி, கையெழுத்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசிக்கிறவர்களுக்கு அந்தரமாக இருக்கும். வெள்ளிக்கிழமை காலை சின்யோரா எமிலியானா கையெழுத்து வைத்தார். பெர்மெஸ்ஸோ வந்தது. றொனி அடுத்த வருடம் வடக்கே ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அதனால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன். கையெழுத்து வைத்துவிட்டுச் சின்யோரா பேனாவை மூடி, "மற்ற றொனிக்கும் கடுதாசி தேவையென்றால் என்னிடம் வரச் சொல்" என்றாராம். நம்பித்தான் சொன்னாரா, நக்கலுக்குச் சொன்னாரா, இரண்டும் இல்லாமல் வேறொன்றா என்று நானும் றொனியும் எத்தனையோ தரம் இருந்து யோசித்தோம். பிடிபடவில்லை. கேசிகா அந்தக் கசற்றைக் கோண்டாவிலுக்கு அனுப்பினாளா என்பதும் எனக்குத் தெரியாது. கேட்கப் பயம். கொட்வின் அண்ணை இன்றும் வியாழன்தோறும் அதே ஜன்னலில்தான் நிற்கிறார். அந்த இறுதியாட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால், வயது போகுது, மறதி கூடிப்போச்சு என்று கதையை மாற்றிவிடுகிறார்.

ஆனால் நான் பார்த்தேன். மூலைக்குள் இருந்து பந்து வெளியே வந்தது. அதற்குப் பின்னால் பிரசாந் வந்தான். அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. பந்தை அவன் அடித்தானா, பந்து அவனில் பட்டதா என்று எனக்குத் தெரியாது. அது உருண்டது. வலை அசைந்தது. எங்கள் ஆட்களுக்கே நம்பிக்கை வரவில்லை. பிரசாந் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தான் செய்ததைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான்.

கொட்வின் அண்ணை ரிசீவருக்குள் கோல் என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்திருந்தேன், ஆனால் இழுக்கவில்லை. எனக்கு இழுக்க மனம் வரவில்லை. பிரசாந் என்று சொன்னால், இவ்வளவு நேரமும் ஓடிய றொனி ஆர் என்ற கேள்வி வரும். ரெலிபோனுக்குள் நிலையத்துப் பையன் அலோ, அலோ என்பது எனக்கே கேட்டது. சின்யோராவின் குசினியில் கத்தியும் கையுமாக றொனி இருப்பான். எங்கோ ஒரு வீட்டில் கேசிகாவின் கசற் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் சப்பாத்தால் தரையில் ஒரு தரம் மிதித்தார்.

"போட்டது றொனி" என்றார். செத்த வீட்டில் விலாசம் சொல்வதைப்போல மெதுவாக, ஒரே ஒரு தரம்.

உடனே ரிசீவரின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சரிந்து, கழுத்து நரம்பு புடைக்க, "பிரசாந்!" என்று கத்தினார். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினார். மூன்றாம் தரம் பிரசாந் தலையில் இருந்த கைகளை எடுத்துவிட்டு, யார் கூப்பிடுகிறது என்று சுற்றுமுற்றும் தேடி, ஜன்னலைக் கண்டு, இந்தப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தும்வரை அவர் ரிசீவரில் இருந்து தன் கையை எடுக்கவில்லை.